காக்கைக்கும் ஒரு கணக்கு

ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் 2004-ல் இருந்த புலிகள் 16 முதல் 18 வரை. இது வனத்துறைப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை. 2005 தொடக்கத்தில் காட்டுக்குள் இறங்கித் தேடியபோது ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் கடைசிப் புலி வரை தீர்த்துக்கட்டியிருந்தார்கள். பதிவேட்டில் மட்டும் அவை சௌகரியமாக உலவிக்கொண்டிருந்தன.

சி.பி.ஐ. விசாரணை வந்தது. பிரதமர் மன்மோகன் சிங் அமைத்த புலிகள் பணிக்குழு, சுனிதா நாராயண் தலைமையில் அதே ஆண்டு அறிக்கை தந்தது. இந்த நாட்டில் காட்டு விலங்குகளை யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள், எண்ணியது சரிதானா என்று வேறொருவர் பார்க்க முடியுமா என்ற கேள்விகள் சாதாரண ஜனங்களின் காதில் விழுமளவுக்கு எழுந்தது அப்போதுதான்.

அதுவரை நடந்தது பாதத் தடக் கணக்கு. 1966-ல் ஒரிசாவைச் சேர்ந்த வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கிய முறை. வனக் காவலர்கள் மண் பாதையில் நடந்து, புலியின் இடது பின்னங்கால் பதிந்த இடத்தில் கண்ணாடித் தகட்டை வைத்துக் கோடு இழுப்பார்கள், பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுகளை வரிசையாக அடுக்கி, இது ஒரு புலி, இது வேறு புலி என்று அனுபவஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ஒரே புலி சேற்றில் வைத்த கால் வேறு மாதிரி இருக்கும், புழுதியில் வைத்த கால் வேறு மாதிரி இருக்கும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம்தான். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. தன் பொறுப்பில் உள்ள காட்டில் புலி குறைந்துவிட்டது என்று கைப்பட எழுதிக் கொடுக்க எந்த அதிகாரிக்கு மனசு வரும்? எண்ணுகிறவரும் அவரே, எண்ணிக்கையால் பாராட்டோ தண்டனையோ பெறுகிறவரும் அவரே என்றால் புலி குட்டி போடாவிட்டாலும் பதிவேடு போடும்.

மாற்று வழி கையிலேயே இருந்தது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990-களின் தொடக்கத்திலேயே உல்லாஸ் கரந்த் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நமக்குக் கைரேகை எப்படியோ அப்படிப் புலிக்கு உடல் வரிகள். ஒன்றைப் போல் இன்னொன்றுக்கு இராது. முதல் சுற்றில் படத்தில் விழுந்த புலிகளில் எத்தனை அடுத்த சுற்றிலும் விழுகின்றன என்று பார்த்தால், கேமராவில் சிக்காத புலிகள் எத்தனை இருக்கலாம் என்று கணக்குப் போட முடியும். 2006 முதல் தேசியக் கணக்கெடுப்பு இந்தப் பாதைக்கு வந்தது. 2002-ன் பாதத் தடக் கணக்கு 3,642 என்றது. 2006-ன் மதிப்பீடு 1,411. இரண்டும் வெவ்வேறு முறைகள், கழித்துப் பார்ப்பது சரியல்ல. ஆனால் நாடு அதிர்ந்தது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3 கோடியே 48 லட்சத்துக்கும் அதிகமான படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் புலி இருந்தவை 76,651. கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. 2022-ன் மதிப்பீடு 3,682.

புதிய கருவி வந்தது, பொய் ஒழிந்தது என்று இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்கின் தரம் பன்மடங்கு உயர்ந்தது நிஜம். ஆனால் மூலத் தகவல்களைத் தனியாக ஆராய வெளியே உள்ள விஞ்ஞானிகளுக்கும் கொடுங்கள் என்ற கோரிக்கை அன்று முதல் எழுந்துகொண்டேதான் இருக்கிறது. கண்ணாடித் தகடு போய்க் கேமரா வந்திருக்கிறது. பதிவேடு இருக்கும் பீரோவின் சாவி கைமாறவில்லை.

அந்தக் கேமரா புலியை மட்டும் பார்ப்பதும் இல்லை. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிசாந்த் சிம்லாய் 14 மாதங்கள் தங்கி 270 பேரிடம் பேசினார். 2024 நவம்பரில் வெளிவந்த அவரது ஆய்வுக் கட்டுரை சொல்வது இது: விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போகும் பெண்கள் கேமராக்களுக்கும் டிரோன்களுக்கும் பயந்து வாய்மூடி நடக்கிறார்கள். முன்பு பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். அது சந்தோஷத்துக்கு மட்டுமல்ல, மனித அரவம் கேட்டு யானையும் புலியும் விலகிப் போகும் என்பதற்காகவும்தான். இப்போது பாட்டு இல்லாததால் விலங்குகளை எதிர்பாராமல் எதிர்கொள்ளும் ஆபத்து கூடியிருக்கிறது. காட்டில் இயற்கை உபாதைக்கு ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழ, அது உள்ளூர் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பப்பட்டது. கிராமத்தார் கேமராக்களை உடைத்தார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே மாதிரிக் கருவிகளை வேறு விதமாகவும் கையாளலாம் என்பதற்கு வால்பாறை சாட்சி. ஆனைமலையில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலைத் தோட்டங்கள். சுற்றிலும் காடு, நடுவில் யானைகள் கடந்து போகும் பாதைகள், லயன் வீடுகள். பொழுது சாய்ந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் தொழிலாளி, வளைவில் யானை நிற்பது தெரியாமல் போய் மிதிபட்டுச் செத்த சம்பவங்கள் பல. எம். ஆனந்தகுமாரும் அவரது நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சகாக்களும் செய்த ஏற்பாடு எளிமையானது. யானை நிற்கும் இடம் உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போனது. முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை அருகில் இருந்தால் செல்போன் மூலமே அதை எரியவிடலாம். யானையைப் பார்த்துச் சொல்பவர்களில் தோட்டத்து மக்களும் உண்டு, அந்தச் செய்தியால் பிழைப்பவர்களும் அவர்களே. உயிரிழப்புகள் குறைந்தன. 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. கார்பெட்டில் தகவல் மேலே போனது. வால்பாறையில் பக்கத்து லயனுக்குப் போனது.

புலியும் யானையும் பெரிய மிருகங்கள். அவற்றுக்குத் துறை உண்டு, நிதி உண்டு, கின்னஸ் உண்டு. காக்கைக்கும் மைனாவுக்கும் யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்திருக்கும் பதில் ஆச்சரியமானது. வங்கி ஊழியர்கள், டாக்டர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இல்லத்தரசிகள். சம்பளம் இல்லாதவர்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பொதுப் பதிவேடு இங்கே வேர்பிடித்தது 2013-க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் பங்கேற்கத் தொடங்கினார்கள். விதி ஒன்றும் கடினமில்லை. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எழுத வேண்டும். எந்த இடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்ற விவரங்களுடன் செல்போனிலிருந்தே அனுப்பிவிடலாம். வழக்கமில்லாத பறவையை எழுதினால் அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் 'படம் இருக்கிறதா, எப்படி அடையாளம் கண்டீர்கள்' என்று மரியாதையாகக் கேட்டு எழுதுவார்.

கத்துக்குட்டிகள் எழுதியதை நம்பி விஞ்ஞானம் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் அந்தப் பதிவேடு கடைசியில் கேட்கும் ஒரு சின்னக் கேள்வியில் இருக்கிறது: 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?' ஆம் என்றால் அது முழுப் பட்டியல். அதில் சிட்டுக்குருவி இல்லை என்றால், எழுத மறந்தார் என்று பொருளில்லை, அவர் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு வட்டாரத்தில் ஒரு காலத்தில் எழுதிய 100 முழுப் பட்டியல்களில் 60-ல் ஒரு பறவை இருந்தது, இப்போது 100-க்கு 30-ல்தான் இருக்கிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. எத்தனை லட்சம் பறவைகள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒருவர் தவறலாம், இன்னொருவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். பல்லாயிரம் பட்டியல்கள் சேரும்போது, நேரத்தையும் தூரத்தையும் கணக்கில் எடுத்துத் திருத்தினால், போக்கு தெரிந்துவிடும். அரிய பறவையைத் துரத்திக்கொண்டு ஓடி அதை மட்டும் படமெடுத்துப் போடுகிறவரைவிட, மொட்டைமாடியில் நின்று காக்கை 7, மைனா 4, புறா 12 என்று அலுக்காமல் எழுதுகிறவர் விஞ்ஞானிக்கு அதிக உபகாரம் செய்கிறார்.

இந்தப் பட்டியல்களிலிருந்துதான் 2020-லும் 2023-லும் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைகள் பிறந்தன. 13 நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்த 2023 அறிக்கைக்கு 30,000-க்கும் அதிகமான பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகள் ஆதாரம். ஆராயப்பட்ட இனங்கள் 942. அவற்றில் 338 இனங்களுக்குத்தான் நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்தது. அந்த 338-ல் 204 குறைந்திருக்கின்றன. 98 நிலையாக உள்ளன. கூடியவை வெறும் 36. மயிலும் குயிலும் கூடிய பட்டியலில். புல்வெளிப் பறவைகளும், வலசை வரும் வாத்துகளும், வேட்டையாடி உண்ணும் பறவைகளும் சரிந்துகொண்டிருக்கின்றன.

சிட்டுக்குருவி விஷயத்தில் இந்தப் பட்டியல்கள் எல்லோரையும் திருத்தின. குருவி அழிந்துகொண்டிருக்கிறது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்பது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட சங்கதி. தில்லி அரசு 2012-ல் அதை மாநிலப் பறவையாக்கியது. 2018-ல் ரஜினிகாந்தின் '2.0' படம் செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதையே கதையாக்கியது. 2020 அறிக்கையோ, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரத்தின் மீதான குற்றச்சாட்டுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. குருவியைக் கொல்வதாகப் பழி சுமந்த செல்போன்தான் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்திருக்கிறது என்பது வேடிக்கை.

யாரும் கவலைப்படாத பறவைக்குத்தான் அபாயம் நேர்ந்திருந்தது. பனங்காடை. கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களின் பறவை. தசரா அன்று அதைப் பார்த்தால் சுபம் என்று தெலங்கானாவில் ஊருக்கு வெளியே கூட்டமாகத் தேடிப் போவார்கள். தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் நீலம் கண்ணைப் பறிக்கும். எங்கும் இருந்ததால் யாரும் எண்ணவில்லை. 2023 அறிக்கை அதன் சரிவைக் காட்டி, உலக அளவில் அதன் நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

செல்போன் காலத்துக்கு முந்தைய தகவல் எங்கிருந்து வந்தது? பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பறவை பார்த்தவர்கள் தங்கள் டைரிகளைத் தூசு தட்டி, தேதி வாரியாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 1960-களில் ஜாஃபர் ஃபுத்தேஹலி சைக்ளோஸ்டைல் செய்து அனுப்பிய செய்தி மடலில் எழுதி வளர்ந்த தலைமுறை அது. பாங்கில் லெட்ஜர் எழுதுவது போலப் பறவை எழுதியவர்கள். தங்கள் எழுத்து என்றாவது ஒருநாள் ஒரு நாட்டின் ஆவணமாகும் என்று நினைத்து அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகு இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980-களில் பரத்பூரில் கழுகுக் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களில் மறுபடி போய்ப் பார்த்தபோது மரங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அந்தப் பழைய எண்ணிக்கை இருந்ததால்தான் சரிவு என்று சொல்ல முடிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்துக்கு 999 அதற்குள் போய்விட்டன. கழுகு இல்லாத ஊர்களில் செத்த மாடுகள் அழுகின, நாய்கள் பெருகின. அதன் விளைவாக 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயின என்று பொருளாதார அறிஞர்கள் ஐயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024-ல் மதிப்பிட்டார்கள்.

அங்கங்கே தோன்றியபடி எழுதுவதை விட்டு, திட்டமிட்டு ஒரு மாநிலம் முழுவதையும் சல்லடை போட்டது கேரளம். மாநிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, குலுக்கலில் வரும் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று விதி. அது ரப்பர் தோட்டமானாலும் சரி, மார்க்கெட்டானாலும் சரி. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் மழைக்காலமும் கோடையும் அலைந்தார்கள். சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 இனங்கள். அந்த மாநிலத்துக்கு இது புதிதல்ல. 1962-லேயே சாஸ்திர சாகித்ய பரிஷத் அங்கே விஞ்ஞானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று.

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு தொல்லை. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'குடிமக்கள் அறிவியல்' என்று வருகிறது. ஏதோ குடியுரிமைச் சான்றிதழோடு வரிசையில் நிற்கச் சொல்வது போல இருக்கிறது. 'மக்கள் அறிவியல்' என்றால் பரிஷத் மாதிரி மக்களுக்கு விஞ்ஞானம் சொல்வது என்று ஆகிவிடும். இது மக்கள் விஞ்ஞானத்துக்குச் சொல்வது. 'ஊர்க் கணக்கு' என்று நான் எழுதிப் பார்த்தேன், ஆசிரியர் குழு ஒப்பவில்லை. பெயர் கிடக்கட்டும். இந்தப் பதிவேடுகளில் புழங்க ஆங்கிலமோ அச்சடித்த புத்தகமோ தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மெய்யான குறை. தேன் எடுக்கப் போகிறவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் தெரிந்த பறவை, நகரத்துப் பொறியாளருக்குத் தெரிந்ததைவிடக் குறைவில்லை. அவர் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. தென் மாநிலங்களிலும் பெருநகரங்களைச் சுற்றியும் பதிவுகள் குவிகின்றன, மத்திய இந்தியாவிலும் கிழக்கிலும் வரைபடத்தில் பெரிய பெரிய வெற்றிடங்கள்.

பறவைக்காவது பழைய டைரி இருந்தது. பூச்சிக்கு அதுவும் இல்லை.

'முன்பெல்லாம் ராத்திரி பஸ்ஸில் போனால் முன் கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பியிருக்கும், இப்போது காணோம்' என்று வயதானவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் நினைவு சாட்சியாகாது. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் 1905 முதல் இயங்கும் பூச்சி ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலோர் அமெச்சூர்கள். 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கூடாரம் போன்ற வலைகளை ஒரே முறையில் கட்டி, விழுந்த பூச்சிகளைச் சாராயப் புட்டியில் சேர்த்து எடை போட்டார்கள். பறக்கும் பூச்சிகளின் எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017-ல் இது வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. இந்தியா முழுமைக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. நம் வயல்களில் மகரந்தம் சுமக்கும் பூச்சி பாதியானதா, அப்படியே இருக்கிறதா என்று யார் அடித்துச் சொன்னாலும் ஊகம்தான்.

இல்லாத பழைய கணக்கை இனிமேல் உண்டாக்க முடியாது. இன்றைய கணக்கையாவது எழுதி வைக்கலாமே என்று கிளம்பியிருப்பவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்களே. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே 2010-ல் தொடங்கிய இந்தியப் பட்டாம்பூச்சிகள் தளம் இதில் முன்னோடி. இந்தியாவில் 1,300-க்கும் அதிகமான பட்டாம்பூச்சி இனங்கள். ஒவ்வொன்றுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று படங்கள், எடுத்த இடம், நாள், புழு தின்னும் செடி. படங்களை அனுப்புவது பொதுஜனம், சரிபார்ப்பது விவரம் தெரிந்தவர்கள். வலையும் குண்டூசியும் கொண்டு பூச்சி சேகரிக்க இங்கே சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அது ஆய்வாளர்களுக்கே லேசில் கிடைப்பதில்லை. தோட்டத்தில் படமெடுக்க யார் அனுமதியும் வேண்டாம். டிஜிட்டல் கேமரா மலிந்ததும் பூச்சி நூல்களுக்குள் இல்லாத சங்கதிகளெல்லாம் கொல்லைப்புறத்திலிருந்து வர ஆரம்பித்தன.

படத்துக்கு எல்லை உண்டு. அந்துப்பூச்சிகளில் பலவற்றை, ஈக்களில் இன்னும் பலவற்றை, மைக்ராஸ்கோப்பில் வைத்து அறுத்துப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. ஐநேச்சுரலிஸ்டில் 2017 முதல் இந்த வசதி இருக்கிறது. அது தரும் பெயரை யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, வேதவாக்காக அல்ல. அழகும் ஒரு தொல்லை. நீல நிறப் பட்டாம்பூச்சிக்கு ஆயிரம் புகைப்படக்காரர்கள் வருவார்கள், சாணி உருட்டும் வண்டுக்கு வர மாட்டார்கள். வயலுக்கு உரமிடுவதில் அந்த வண்டுக்குப் பங்கு அதிகம். பகிரங்கமாக இடத்தைச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. 2008-ல் டார்ஜீலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் பிடித்ததற்காகச் செக் நாட்டவர் இருவர் கைதானார்கள். வண்டுக்கும் வெளிநாட்டில் விலை இருக்கிறது. அரிய இனங்களின் சரியான இடத்தைப் பெரிய தளங்கள் மறைத்தே காட்டுவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, படம் 'இருந்தது' என்று மட்டுமே சொல்லும். 'இல்லை' என்று எந்தப் படமும் சொல்லாது. குறைந்ததா என்று தெரிய வேண்டுமானால் பறவைக்காரர்களின் முழுப் பட்டியல் மாதிரி ஒன்று வேண்டும். பிரிட்டனில் 1976 முதல் தொண்டர்கள் வாரம் ஒருமுறை ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடந்து, இரண்டு பக்கமும் சில அடிக்குள் தென்படும் பட்டாம்பூச்சிகளை எண்ணுகிறார்கள். பாதை மாறாது, முறை மாறாது. வருகிறவர் மாறலாம். சலிப்பூட்டும் வேலைதான். அந்தச் சலிப்புக்குத்தான் மதிப்பு.

இங்கே ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் வருகிறது. 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய இது இப்போது இந்தியாவின் பல ஊர்களிலும் நடக்கிறது. செப்டம்பரில், 2020 முதல், பட்டாம்பூச்சி மாதம். பட்டாம்பூச்சிக்கு வெயிலில் அலைய வேண்டும். அந்துக்கு அது கூட வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டி, முன்னால் ஒரு பிரகாசமான பல்பைத் தொங்கவிட்டால் போதும். நிலா இல்லாத, லேசாக மழை பெய்து ஓய்ந்த இரவு விசேஷம். ஒரு மணி நேரத்தில் வேட்டியில் வந்து உட்காருகிறவற்றைப் படமெடுத்து, எத்தனை என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும், அவை தங்கள் பாட்டுக்குப் போகட்டும். அந்துப்பூச்சிகளில் பலவற்றின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டும் தின்பவை. எனவே வேட்டியில் வந்த பூச்சிகளின் பட்டியல், அக்கம்பக்கத்தில் என்ன செடி மிச்சம் இருக்கிறது என்பதற்கும் ஒரு பட்டியல்.

இந்தியாவில் அந்துப்பூச்சிகள் பத்தாயிரத்துக்கும் மேல். பல மாவட்டங்களில் ஒரு வேட்டிகூட இன்னும் கட்டப்படவில்லை. நாக்பூரிலோ ராஞ்சியிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்து இதைப் படிப்பவர், மாதம் ஒருமுறை அமாவாசையை ஒட்டி, அதே மாடியில், அதே பல்பில், அதே நேரத்தில் இதைச் செய்தால் ஐந்து ஆண்டுகளில் அவர் ஊருக்கு ஒரு கணக்கு இருக்கும். ஒன்றும் வராத இரவிலும் தேதியைப் போட்டு '0' என்று எழுத வேண்டும்.